யாழ்ப்பாண வெயிலும் கிணற்றுத் தண்ணீரும்: ஊருக்குப் போகிறவர்கள் தலைமுடியைக் காக்க

பெட்டியில் என்ன அடுக்க வேண்டும் என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆடி, ஆவணியில் யாழ்ப்பாணம் போனால் தலைமுடி என்ன பாடுபடும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நல்லூர்த் திருவிழாவை நினைத்துத்தான் டிக்கெட் எடுக்கிறோம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. அதே நாட்களில் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வீசுகிறது. ஆகஸ்ட் இறுதியில் நண்பகல் சூரியன் குடாநாட்டுக்கு நேர் மேலே நிற்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் அப்படித்தான். சித்திரைப் புத்தாண்டுக்குப் போகிறவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. உச்சியில் செங்குத்தாக விழும் வெயிலை முகத்தைவிட வகிடுதான் அதிகம் தாங்குகிறது. கனடாவின் கோடையில் மூக்கும் கன்னமும் சிவக்கும். ஊரில் வகிட்டுத் தோல் உரியும். வெயிலில் நிற்கும் நாட்களில் வகிட்டை இடம் மாற்றி எடுங்கள், அல்லது வகிடே இல்லாமல் பின்னுக்கு வாரிக் கட்டுங்கள்.

ஒவ்வொரு முடியின்மேலும் ஓட்டுக் கூரைபோல் செதில்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. அவற்றுக்கு மேல் மெல்லிய கொழுப்புப் படலம் உண்டு. புற ஊதாக் கதிர் அந்தப் படலத்தை அரிக்கிறது. உள்ளே இருக்கும் கெரட்டின் புரதத்தின் பிணைப்புகளை அறுக்கிறது. கறுப்பு நிறத்தைத் தரும் மெலனினை வெளிறச் செய்கிறது. செதில் கிளம்பிய முடிக்குள் ஈரம் எளிதாகப் புகுந்துவிடும். குடாநாடு கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த நிலம், மழை எட்டிப் பாராத மாதத்திலும் காற்றில் ஈரம் இருக்கும். ஈரத்தைக் குடித்த முடி பருத்து, தன் இயல்பான சுருளுக்குத் திரும்பிவிடும். சூட்டுக் கருவியால் நேராக்கிய முடி கட்டுநாயக்க விமான நிலையத்தின் வாசலைத் தாண்டியதுமே குலையத் தொடங்குவது இதனால்தான். அந்தக் கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். சாயம் பூசியிருந்தால், குறிப்பாகச் சிவப்புச் சாயம் என்றால், அது வேகமாக வெளிறும் என்று தெரிந்துகொண்டே போங்கள்.

இந்த வெயிலின் முழு வேகத்தையும் நான் அறிந்தது கோயில் வீதியிலோ கடற்கரையிலோ அல்ல. ஒரு அரசாங்கக் கந்தோர் முற்றத்தில்.

அம்மா காலமான பிறகு வீட்டு உறுதிப் பத்திரத்தின் சான்றுப்படுத்திய பிரதி ஒன்று தேவைப்பட்டது. எந்தக் கந்தோர் என்பது இங்கு வேண்டாம். உள்ளே மின்விசிறி சுழலும் சிறிய அறை, வெளியே முற்றம், முற்றத்தில் வரிசை. நிழலுக்கு என்று அங்கே இருந்தது ஒரே ஒரு வேம்பு. அந்த நிழல் முழுவதிலும் மோட்டார் சைக்கிள்களை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். நிழல் நகர நகர ஒருவர் வந்து அவற்றையும் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். கையில் கோப்போடு வந்த முதியவர்கள் அந்த வண்டிகளைப் பார்த்தபடி வெயிலில் நின்றார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

உறுதியில் அம்மாவின் தகப்பன் பெயர் ‘பிள்ளை’யோடு இருந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அந்தப் ‘பிள்ளை’ இல்லை. இரண்டும் ஒருவரே என்று கிராம அலுவலரிடம் கடிதம் வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கிப் போனேன். அந்தக் கடிதத்துக்குப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வேண்டும் என்றார்கள். அதையும் வாங்கிப் போனேன். ஒப்பமிட வேண்டியவர் பயிற்சிக்குப் போய்விட்டார், நாளை வாருங்கள் என்றார்கள். நாளை போனபோது என் முறை வந்த நேரத்தில் மதிய உணவுக்காக யன்னலைச் சாத்தினார்கள். என்னென்ன வேண்டும் என்று முதல் நாளே ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்திருக்கலாம். யாரும் எழுதித் தரவில்லை. ஒவ்வொரு குறையாக, ஒவ்வொரு நாளாகச் சொன்னார்கள். நான் குரலை உயர்த்தியபோது, “வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு எல்லாம் உடனே நடக்க வேண்டும்” என்று உள்ளிருந்து ஒருவர் சொன்னார்.

எனக்குப் பின்னால் நின்ற வயதான அம்மா எதுவும் சொல்லவில்லை. தன் குடையை என் தலைக்கும் சேர்த்துச் சரித்துப் பிடித்தார். அவருக்கு வரிசை புதிதல்ல. அந்த ஊரில் மண்ணெண்ணெய்க்கு நின்றிருக்கிறார்கள், ஊரைவிட்டுப் போக அனுமதிப் பாஸுக்கு நின்றிருக்கிறார்கள், நிவாரண அரிசிக்கு நின்றிருக்கிறார்கள். 1995 போர்க்கால இடப்பெயர்வில் ஒரே வீதியில் இரவு முழுக்க நின்று நின்று நகர்ந்திருக்கிறார்கள். அந்த வரிசைகளில் எல்லாம் நான் இல்லை. என் கோபம் நியாயமானதுதான்; ஆனால் அந்தக் குடைக்குக் கீழே அதை முழுக் குரலில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீடு திரும்பி முடியை அவிழ்த்தால் வியர்வை உப்பும் செம்மண் புழுதியும் சேர்ந்து இழைகள் கயிறாகத் திரிந்திருந்தன. சீப்பு காதுமட்டம் வரை இறங்கியது; அதற்குமேல் இழுத்தால் முடி அறுந்தது. ஆகவே, கந்தோர் வேலை உள்ளவர்கள் தலையை விரித்துக்கொண்டோ குதிரைவால் கட்டிக்கொண்டோ போகாதீர்கள். இறுக்கமில்லாத ஒற்றைப் பின்னல், அதைச் சுற்றிக் கொண்டை. முடியின் மிகவும் வயதான, மிகவும் மெலிந்த பகுதியாகிய நுனி உள்ளே ஒளிந்திருக்க வேண்டும். யன்னல் திறப்பதற்கு முன்பே போய் நில்லுங்கள். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் நிழல் இல்லாத இடத்தில் நிற்க நேர்ந்தால் குடை இல்லாமல் நிற்காதீர்கள். நெருக்கமாக நெய்த கறுப்புத் துணிக் குடை, மெல்லிய வெளிர் நிறக் குடையைவிடப் புற ஊதாக் கதிரை நன்றாகத் தடுக்கும். யாழ்ப்பாணத்துக் கடைகளில் அது தாராளமாகக் கிடைக்கும்.

குடையை இவ்வளவு வலியுறுத்த இன்னொரு காரணம் என் மாமி. முதல் நாள் நான் பருத்தித் துணி ஒன்றைத் தலையில் சுற்றிக்கொண்டு படலையைத் திறந்தேன். மாமி விறாந்தையிலிருந்து இறங்கி வந்து வழிமறித்தார். “பிள்ளை, முக்காடு போட்டுக்கொண்டு வீட்டை விட்டு இறங்காதே. கொம்மா போய் இன்னும் ஆண்டுத் திவசம்கூட முடியவில்லை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?” வெயிலுக்குத்தான் என்றேன். வெயிலில் நாங்கள் எல்லாரும் இத்தனை காலம் இருக்கவில்லையா என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. துணியை அவிழ்த்து அவரிடம் கொடுத்துவிட்டேன். சைவ வீட்டு முதியவர்கள் பலருக்கு முக்காடு இழவின் அடையாளம். அவர்களோடு வாதாடி வெல்லும் வெற்றியில் ஒரு பயனும் இல்லை. குடைக்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை.

தண்ணீருக்கு வருகிறேன். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதற்குள் இறங்கி, கல்சியத்தைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றில் ஊறுகிறது. சவர்க்காரம் அந்த நீரில் நுரைக்காது. கல்சியத்தோடு சேர்ந்து கரையாத கசடாகி முடியில் ஒட்டிக்கொள்ளும். தலைக்கு ஒருபோதும் சவர்க்காரம் போடாதீர்கள். ஷாம்பு பரவாயில்லை. ஈடிடிஏ (EDTA) என்ற வேதிப்பொருள் சேர்த்த ஷாம்பு என்றால் அந்த உப்புகளைப் பிடித்து வெளியேற்றும். வாரத்துக்கு ஒருமுறை போதும், அடிக்கடி போட்டால் முடி வறண்டுபோகும்.

நம் வீட்டுப் பெண்கள் சீயாக்காயோடு தேசிக்காயையும் வெந்தயத்தையும் செவ்வரத்தை இலையையும் அவித்துத் தலை முழுகியதை நினைத்துப் பார்க்கிறேன். செவ்வரத்தையின் வழுவழுப்பு சிக்கை அவிழ்க்கிறது. தேசிக்காயின் புளிப்பு சுண்ணப் படிவைக் கரைக்கிறது. கிணற்றடியில் அம்மா என் கண்ணைப் பொத்தச் சொல்லிவிட்டு ஊற்றிய அந்தத் தண்ணீரின் மணம் எந்தக் கடைப் போத்தலிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை உண்டு: தேசிக்காய்ச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும், கறுத்த தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். மாலையில் முழுகுங்கள், நெற்றியையும் காதோரத்தையும் நன்றாகக் கழுவுங்கள்.

எண்ணெயில் ஊர்க்காரர்கள் சொல்வதே சரி. தேங்காய் எண்ணெய் முடியின் மேலே பளபளப்பதோடு நிற்காமல் உள்ளேயும் இறங்குகிறது. முழுகுவதற்குச் சில மணி நேரம் முன்பு வைத்தால், நீரை வாங்கி முடி பருப்பதையும் புரதம் கழுவப்பட்டுப் போவதையும் அது குறைக்கும். கடைகளில் கிடைக்கும் கனிம எண்ணெய்க்கு இந்தக் குணம் கிடையாது. பொடுகு உள்ளவர்கள் மட்டும் இரவு முழுக்க எண்ணெயோடு படுக்க வேண்டாம். பொடுகை வளர்க்கும் பூஞ்சைக்கு எண்ணெய்தான் உணவு. ஈரத் தலையை முடிந்துகொண்டு படுப்பதும் கூடாது. நனைந்த முடி பலம் குறைந்தது, இழுத்தால் அறுந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்த ஊரில் கொண்டைக்குள் அது காய்வதும் இல்லை, நாற்றம் எடுக்கும். துவாயால் ஒற்றி, விரலால் சிக்கெடுத்து, நிழலில் உலர்த்துங்கள்.

வெள்ளிக்கிழமை மாமி என்னைப் பலகையில் இருத்தி எண்ணெய் வைத்தார். முக்காட்டுக் கோபம் அவரிடம் மிச்சமே இல்லை. உச்சியில் கையைக் குவித்து எண்ணெயை விட்டு, ஊறும்வரை தட்டினார். பிறகு, “அங்கே உனக்கு எண்ணெய் வைத்துவிட ஒருவரும் இல்லையா?” என்று கேட்டார். அவருடைய தலைக்கு வைத்துவிட இங்கே யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவருடைய பிள்ளைகளும் வெளிநாட்டில்தான். மாமி தன் தலைக்குத் தானேதான் எண்ணெய் வைத்துக்கொள்கிறார். தோள் வலி இருப்பதால் கை பின்னுக்குப் போவதில்லை. அடுத்த வெள்ளி நான் வைத்துவிட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார், விசாரியுங்கள்.

குளிர்நாட்டில் முடிக்குப் பூசும் கிறீம்களைக் கொண்டுபோகுமுன் போத்தலின் பின்புறத்தைப் படியுங்கள். கிளிசரின் முதல் வரிகளில் இருந்தால் அது காற்றின் ஈரத்தை முடிக்குள் இழுத்து இன்னும் பருக்கச் செய்யும். காரைநகர் கசூரினாக் கடலில் இறங்குவதற்கு முன் தலையை நன்னீரால் நனையுங்கள். ஏற்கெனவே நீர் குடித்த முடி உப்புநீரைக் குறைவாகவே எடுக்கும். கரையேறியதும் அலசுங்கள், உப்போடு வெயிலில் காயவிடாதீர்கள்.

கடைசியாக, திரும்பி வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக முடி கொட்டுவதாகப் பலர் சொல்வார்கள். ஊர்த் தண்ணீரைத் திட்டுவார்கள். ஊரில் காய்ச்சலில் படுத்தீர்களா என்று அவர்களைக் கேளுங்கள். டெங்கு போன்ற கடும் காய்ச்சல் ஏராளமான முடிகளை ஒரே நேரத்தில் ஓய்வுக் கட்டத்துக்குத் தள்ளிவிடும். அவை உதிர்வதற்கு அத்தனை மாதம் எடுக்கும். வாடை மழைக்குப் பின், மார்கழி, தை மாதங்களில் போகிறவர்கள் நுளம்புக்குக் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். பெரும்பாலும் அந்த முடி மறுபடி முளைத்துவிடும். நாளுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது எவருக்கும் இயல்பு. அதற்கு மிகுதியாக, மாதக்கணக்கில் நீடித்தால் இரத்தத்தில் இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஊரில் காய்ச்சல் வந்து போனதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.