ஜப்பானிய மொழி பேசப் பழகுகிறீர்களா? ஆங்கிலத்தை நடுவில் இழுக்காதீர்கள்

ஜப்பானிய மொழியைப் புதிதாகத் தொடங்கும் நம் ஆட்கள் முதல் வாரத்திலேயே செய்யும் தவறு இது: சொல்ல வந்ததை ஆங்கிலத்தில் யோசித்து, அதைத் துண்டு துண்டாக்கி, வினைச்சொல்லைத் தூக்கிக் கடைசியில் போட்டு, வேர்க்க விறுவிறுக்க ஒரு வாக்கியம் சேர்ப்பது. பாடப்புத்தகமும் ஆப்பும் ஆங்கிலத்தில் இருப்பதால் வரும் பழக்கம். தேவையே இல்லை. தமிழில் யோசித்தால் வரிசை மாறவே மாறாது.

'நிஹொன் நி இகிமஸ்' என்றால் ஜப்பானுக்குப் போகிறேன். அந்த 'நி'தான் நம் 'கு'. கடைசியில் ஒரு 'கா' சேர்த்தால் கேள்வி, நாம் 'போகிறீர்களா' என்று 'ஆ' சேர்ப்பது போல. எனக்கு மிகவும் பிடித்தது 'தபெதெ மிமஸ்'. 'தபெதெ' என்றால் சாப்பிட்டு, 'மிமஸ்' என்றால் பார்க்கிறேன். ஆக, சாப்பிட்டுப் பார்க்கிறேன்! 'வாங்கி வை' என்பதிலும் அப்படியே, வாங்கி என்பதற்கு அடுத்து வை என்ற வினையைத்தான் ஜப்பானியரும் போடுகிறார்கள். 'கொரெ, சொரெ, அரெ' என்று மூன்று சுட்டு இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள், ஆனால் இது, உது, அது என்று பேசும் யாழ்ப்பாணத்தாருக்கு அதில் குழம்ப ஒன்றுமில்லை. (இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆனால் வாக்கியம் கட்டும் முறை ஒத்துப்போவது கண்ணெதிரே தெரிகிறது.)

அடுத்த தவறு, சொற்களை ஆங்கில எழுத்தில் குறித்து வைப்பது. 'பிரு' என்றால் கட்டடம், 'பீரு' என்றால் பீர். 'ஒபசன்' என்றால் அத்தை, சித்தி வயதுப் பெண், 'ஒபாசன்' என்றால் பாட்டி. குறிலும் நெடிலும் நமக்கு ஒன்றாம் வகுப்புப் பாடம், ஆங்கில எழுத்தில் எழுதும்போதுதான் அதைத் தொலைக்கிறோம்.

சரி, அப்போது தமிழிலேயே எழுதிக்கொள்ளலாமா? அங்கே வேறு ஒரு குழி இருக்கிறது. 'ககி' என்று என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அது சாவியா பழமா என்று தெரியவில்லை. நடு எழுத்தைத் 'தங்க'த்தில் வரும் க போலச் சொன்னால் சாவி, 'கட'லில் வரும் க போலச் சொன்னால் சீமைப் பனிச்சைப் பழம். தமிழில் சொல்லின் நடுவில் ஒற்றை வல்லினம் வந்தால் நம் நாக்கு தானாக அதை மென்மையாக்கும். அதைத் தடுக்க 'க்கி' என்று இரட்டித்தால் ஜப்பானியரின் காதில் அது வேறு சொல்: 'கிதெ' என்றால் வந்து, 'கித்தெ' என்றால் தபால்தலை. நாம் எல்லோரும் சொல்லும் 'சுசுக்கி'யில் இருக்கும் அந்த 'க்' ஜப்பானில் கிடையாது. இங்கே நான் தமிழில் எழுதியிருக்கும் ஜப்பானியச் சொற்களும் அதனால் அரைகுறைதான். பேச மட்டும்தானே போகிறேன் என்று நினைக்காமல், ஜப்பானியரின் அடிப்படை எழுத்து வரிசையான ஹிரகானாவின் 46 எழுத்துகளை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். க-வின் அந்த இரண்டு ஒலிகளையும் இரண்டு சின்னக் கோடு போட்டு அதில் பிரித்துக் காட்டிவிடுவார்கள்.

'தெசு', 'மசு' என்று முடியும் இடங்களில் கடைசி உகரத்தை முழுதாகச் சொல்லாதீர்கள். நம் குற்றியலுகரத்தை விடவும் குறுகி, கிட்டத்தட்ட 'தெஸ்', 'மஸ்' என்றே கேட்கும்.

அனிமே பார்த்துக் காது பழகட்டும், நல்லதுதான். ஆனால் அதில் வரும் 'ஒரெ' (நான்), 'ஒமயெ' (நீ) இரண்டையும் ஆசிரியரிடமோ அலுவலகத்திலோ சொன்னால் மேலதிகாரியை 'டேய்' என்று கூப்பிட்டது போலத்தான். 'நீங்கள்' என்பதற்குப் புத்தகம் சொல்லித்தரும் 'அனத'வைக்கூட எதிரே இருப்பவரிடம் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. அவர் பெயரோடு மரியாதைக்கு 'சன்' சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் பெயரோடு மட்டும் அதைச் சேர்க்கவே கூடாது.

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலையான என்5 தேறிவிட்டால் பேச வந்துவிடும் என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே இல்லை. தப்போ சரியோ, முதல் நாளிலிருந்தே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம், 'ஹாய்'. அகராதியில் 'ஆம்' என்று இருக்கும். ஆனால் நீங்கள் பேசப் பேச எதிரே இருப்பவர் 'ஹாய், ஹாய்' என்றால் அவர் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமில்லை, 'ம்' கொட்டுகிறார், அவ்வளவுதான். மறுப்பதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டதற்கு 'நிச்சியோபி வா சொத்தொ...' என்று இழுத்து நிறுத்தினால், 'ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம்...' என்று நாம் இழுப்போமே, அதேதான். ஏன் என்று துருவாமல் வேறு நாள் கேளுங்கள்.