படைவீரராக இருந்து மக்கள் பிரதிநிதியானவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி?

ராணுவ அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்று, பிறகு சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போன ஒருவரைப் பற்றி எழுத உட்காரும்போது, முதல் பத்தியிலேயே பதக்கங்களையும் பதவிகளையும் அடுக்கத் தோன்றும். அப்படி எழுதப்பட்ட குறிப்புகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது, அந்த இரண்டு வாழ்க்கைகளும் ஒட்டுகிற இடம்தான். சீருடையைக் கழற்றிய நாளுக்கும் வேட்புமனுவில் கையெழுத்திட்ட நாளுக்கும் இடையில் எவ்வளவு காலம் இருந்தது, ஓர் அவையின் இடத்தை எப்போது துறந்து இன்னொன்றுக்குப் போனார், ஏன் அந்த நேரத்தில் போனார் என்பவற்றை முதலில் நிறுத்திவிட்டால் மற்றவை தாமாகவே இடத்தில் வந்து அமரும். எடுத்துக்காட்டாக உத்தராகண்டின் முன்னாள் முதலமைச்சர் மேஜர் ஜெனரல் புவன் சந்திர கண்டூரியின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்கிறேன். ஒட்டுகிற இடங்கள் இவ்வளவு தெளிவாகத் தெரிகிற வாழ்க்கை அரிது.

பெயரிலிருந்தே தொடங்க வேண்டும். தமிழ் நாளிதழ்கள் இவரைக் கந்தூரி என்றும் எழுதியிருக்கின்றன, கண்டூரி என்றும் எழுதியிருக்கின்றன. இந்தியில் அந்த எழுத்து நாவை மடித்து ஒலிக்கும் டகரம் என்பதால் கண்டூரி என்பதே நெருக்கமானது. தவிரவும், கந்தூரி என்றால் நம்மில் பலருக்கு நாகூர்தான் நினைவுக்கு வரும். எதைத் தேர்ந்தாலும் கட்டுரை முழுவதும் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். ராணுவப் பதவிப்பெயரைப் பெயருக்கு முன்னும், ‘ஓய்வு’ என்பதைப் பெயருக்குப் பின்னும் அடைப்புக்குறிக்குள் போடுவதே முறை. ஓய்வுபெறுவது மனிதரே தவிர பதவிப்பெயர் அல்ல என்பது படையினரின் கணக்கு.

அடுத்து ராணுவப் பகுதி. இதைச் சுருக்கமாகவே வைத்துக்கொள்ளலாம், ஆனால் துல்லியமாக இருக்க வேண்டும். கண்டூரி 1934 அக்டோபர் 1 அன்று டேராடூனில் பிறந்தார். 1954இல் ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1990இல் மேஜர் ஜெனரலாக ஓய்வுபெற்றார். அதி விசிஷ்ட சேவா பதக்கம் பெற்றவர். இந்த அளவுக்கு எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடு வேண்டும். 1954 முதல் 1990 வரை பணியில் இருந்தவர் என்பதால் 1962, 1965, 1971 ஆகிய மூன்று போர்களும் அவருடைய பணிக்காலத்தில்தான் நடந்தன, ஆனால் பணிக்காலத்தில் நடந்த போரும் அவர் களத்தில் நின்ற போரும் ஒன்றல்ல. எந்தப் படையணியோடு எந்த முனையில் இருந்தார் என்பது ஆவணத்தில் கிடைத்தால் மட்டுமே ‘போரில் பங்கேற்றார்’ என்று எழுத வேண்டும். அதேபோல், பொறியாளர் பிரிவு என்றவுடன் அந்தப் பிரிவின் குழுக்களில் ஒன்றான, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பெங்கால், பம்பாய் என்று இன்னும் இரண்டு குழுக்கள் உண்டு. அதிகாரிகளின் நியமனமும் பதவி உயர்வும் இந்திய அரசிதழின் முதல் பகுதி, நான்காம் பிரிவில் வெளியாகின்றன. நேரம் பிடிக்கும் வேலைதான் என்றாலும், நினைவு மலர்களில் வரும் புகழுரையைவிட அந்த ஒற்றை வரி நம்பத்தக்கது.

இப்போது முதல் ஒட்டுக்கு வருவோம். பணியில் இருக்கும் படையினர் அரசியல் கட்சியில் சேரவோ தேர்தலில் நிற்கவோ முடியாது என்பதால், ஓய்வுபெற்ற ஆண்டும் முதல் தேர்தல் ஆண்டும் அருகருகே நிற்க வேண்டும். 1990இல் ஓய்வுபெற்ற கண்டூரி 1991இல் பாரதிய ஜனதா கட்சியின் சார்பில் கட்வால் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போய்விட்டார். இங்கே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றிதழுக்கு இவரைப் பற்றி எழுதியபோது, ‘1991இல் உத்தராகண்ட் மாநிலம் கட்வாலிலிருந்து’ என்று நான் எழுதிவிட்டேன். இதழ் வந்த வாரமே வாசகர் ஒருவர் அஞ்சலட்டையில் ‘அப்போது அந்த மாநிலமே கிடையாதே ஐயா’ என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினார். கட்வால் அன்று உத்தரப் பிரதேசத்தில் இருந்தது; தனி மாநிலம் பிறந்தது 2000 நவம்பர் 9 அன்று, அதுவும் உத்தராஞ்சல் என்ற பெயரில்; உத்தராகண்ட் என்ற பெயர் 2007 ஜனவரியில்தான் வந்தது. ஆகவே தொகுதியின் பெயரை எழுதும் ஒவ்வொரு முறையும் அந்த ஆண்டில் அது எந்த மாநிலத்தில், எந்த எல்லையோடு இருந்தது என்று பார்த்துவிடுங்கள்.

தோல்விகளை விழுங்கிவிடக் கூடாது. ‘ஐந்து முறை மக்களவை உறுப்பினர்’ என்ற தொடர் உண்மைதான். ஆனால் 1991, 1998, 1999, 2004, 2014 என்று ஆண்டுகளை எழுதினால்தான் 1996இல் சத்பால் மகராஜிடம் தோற்றதும், 2004க்கும் 2014க்கும் நடுவே மாநில அரசியலில் கழிந்த காலமும் வாசகர் கண்ணில் படும்.

அமைச்சர் பதவியை எழுதும்போது துறையின் பெயரோடு நின்றுவிடாமல், அந்தத் துறையில் அப்போது எந்த வேலை நடந்துகொண்டிருந்தது என்று காட்ட வேண்டும். வாஜ்பாய் அரசில் 2000இன் இறுதியில் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு கண்டூரியிடம் வந்தது; முதலில் தனிப்பொறுப்புள்ள இணையமைச்சர், 2003இல் காபினெட் அமைச்சர். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலையின் பெரும்பணி நடந்தது அந்த ஆண்டுகளில்தான். அதன் இரண்டு கைகள் சென்னையில் வந்து சேர்கின்றன. கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூருக்குப் போகிற எவரும் அதன் மீதுதான் போகிறார்கள். ராணுவத்தில் பொறியாளராக இருந்தவரிடம் சாலை போடும் துறை வந்ததைச் சுட்டிக்காட்டலாம். அதற்காக, திட்டத்தைத் தொடங்கியதே அவர்தான் என்று எழுதிவிடக் கூடாது. அவர் பொறுப்பேற்கும் முன்பே அது தொடங்கப்பட்டிருந்தது.

குறிப்பின் நடுநாயகமாக நிற்க வேண்டியது 2007. மார்ச் 8 அன்று கண்டூரி முதலமைச்சராகப் பதவியேற்றபோது அவர் மக்களவை உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் அல்லர். அரசமைப்புச் சட்டத்தின் 164(4)ஆம் உறுப்பின்படி, அவையில் இடம் இல்லாத அமைச்சர் ஆறு மாதத்துக்குள் இடம் பெற்றாக வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு அவைகளிலும் நீடிக்க 101(2)ஆம் உறுப்பு இடம் தராது. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் வழிவிடுவதுதான் வழக்கம். இங்கே நடந்தது வேறு. துமாகோட் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் வென்றிருந்த டி.பி.எஸ். ராவத் தன் இடத்தைத் துறந்தார். அவரும் லெப்டினென்ட் ஜெனரலாக ஓய்வுபெற்ற படை அதிகாரி. துமாகோட் இடைத்தேர்தலில் கண்டூரி வென்று சட்டமன்றத்துக்கு வந்தார். கண்டூரி விட்டுவந்த கட்வால் மக்களவைத் தொகுதியின் இடைத்தேர்தலில் ராவத் பாரதிய ஜனதா வேட்பாளராக நின்று வென்று டெல்லி போனார். இரண்டு தளபதிகள் இரண்டு அவைகளில் இடம் மாற்றிக்கொண்ட கதை இது. ‘2007இல் முதலமைச்சரானார்’ என்று ஒரே வரியில் கடந்தால் இது முழுவதும் மறைந்துவிடும். ஒருவர் ஓர் அவையிலிருந்து மற்றதற்குத் தாவும் ஒவ்வோர் இடத்திலும் அவர் விட்ட நாற்காலியில் யார் உட்கார்ந்தார், அவர் உட்கார்ந்த நாற்காலியை யார் விட்டார் என்று இரண்டு கேள்விகளையும் கேட்டு விடையை எழுதுங்கள்.

அதன் பிறகு வருவன ஏற்ற இறக்கங்கள். 2009 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் ஐந்து தொகுதிகளையும் கட்சி இழந்ததையடுத்து கண்டூரி பதவி விலகினார். 2011 செப்டம்பரில் மீண்டும் முதலமைச்சரானார். அந்த ஆண்டே, ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்பான லோகாயுக்தாவுக்கான மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். தொகுதி மறுவரையறையில் துமாகோட் இல்லாமல் போனதால், 2012இல் கோட்துவாரில் நின்று காங்கிரஸின் சுரேந்திர சிங் நேகியிடம் தோற்றார். மொத்தம் 70 இடங்களில் காங்கிரஸ் 32, பாரதிய ஜனதா 31. ஒரே ஓர் இட வித்தியாசத்தில் ஆட்சியின் கணக்கு மாறிய தேர்தலில், முதலமைச்சரின் சொந்தத் தொகுதியே கைவிட்டுப் போனது. இந்த எண்களை அருகருகே வைத்தாலே போதும். ‘வரலாறு காணாத சோகம்’ போன்ற சொற்கள் தேவைப்படாது.

நாடாளுமன்றப் பணியை எழுத, கேள்விகளின் எண்ணிக்கையை எடுத்துப் போடுவது எளிது, பயன் குறைவு. நிலைக்குழு அறிக்கைகளில்தான் பழைய சீருடை தெரியும். 2014க்குப் பின் பாதுகாப்புத் துறைக்கான நிலைக்குழுவுக்குக் கண்டூரி தலைமை வகித்தார். 2018 மார்ச்சில் அந்தக் குழு அளித்த அறிக்கையில், ராணுவத்தின் தளவாடங்களில் 68 விழுக்காடு காலாவதியான வகையைச் சேர்ந்தவை என்று துணைத் தளபதியே அளித்த சாட்சியம் இடம்பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் குழு மாற்றியமைக்கப்பட்டபோது தலைமைப் பொறுப்பு கல்ராஜ் மிஸ்ராவிடம் போனது. இரண்டுக்கும் நடுவில் ‘அதனால்’ என்ற சொல்லைப் போட ஆவணம் வேண்டும். ஆவணம் இல்லாதவரை இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து எழுதி, ‘பிறகு’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் இதே வரிசை பொருந்தாது. பஞ்சாபின் முன்னாள் முதலமைச்சர் அமரிந்தர் சிங், சீக்கியப் படைப்பிரிவில் இளம் கேப்டனாக இருந்த பிறகு, முதலில் 1980இல் காங்கிரஸ் சார்பில் பாட்டியாலாவிலிருந்து மக்களவைக்குப் போனார். 1984இல் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்ததை எதிர்த்துப் பதவி விலகினார். அடுத்த ஆண்டு அகாலி தளத்தில் சேர்ந்து சட்டமன்றத்துக்கு வந்தார். ராணுவ வாழ்க்கை சில ஆண்டுகளே நீடித்த இத்தகையவருக்கு அந்தப் பகுதி ஒரு பத்தியைத் தாண்டக் கூடாது.

குடும்பத்தைக் கடைசியில் வையுங்கள், பொதுவாழ்வில் இருப்பவர்களை மட்டும் எழுதுங்கள். கண்டூரியின் மகள் ரிது கண்டூரி 2022இல் கோட்துவாரில் அதே சுரேந்திர சிங் நேகியைத் தோற்கடித்து, உத்தராகண்ட் சட்டமன்றத்தின் முதல் பெண் சபாநாயகரானார். இதற்கு அந்தக் கடைசிப் பத்தியில் இரண்டு வரி ஒதுக்கினால் போதும்.