கொலோன் கிறிஸ்துமஸ் சந்தைகளுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

முதலில் தேதியைச் சரி பார்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் சந்தைதானே என்று டிசம்பர் 25-க்கு டிக்கெட் போட்டால், அன்றைக்குக் கடைகளைப் பிரித்துக்கொண்டு போயிருப்பார்கள். ஜெர்மனியில் இது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களின் திருவிழா. கொலோனில் நவம்பர் பிற்பாதியில் தொடங்கி டிசம்பர் 23 வாக்கில் பெரும்பாலான சந்தைகள் முடிந்துவிடும். நவம்பர் கடைசியில் வருகிற, இறந்தவர்களை நினைவுகூரும் ஞாயிறன்றும் கவனம் தேவை. அன்று சந்தை மூடியிருக்கும், அல்லது மாலையில்தான் திறக்கும்.

கிழமையும் முக்கியம். சனிக்கிழமை மாலை போகவே போகாதீர்கள். பக்கத்து நாடுகளிலிருந்தெல்லாம் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். கூட்டம் தள்ளுகிற திசையில்தான் நடக்க முடியும், கடையில் என்ன விற்கிறார்கள் என்பதே தெரியாது. திங்கள் முதல் வியாழன்வரை ஏதாவது ஒரு நாள், பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ச் சேருங்கள். டிசம்பரில் அங்கே நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். வெளிச்சத்தில் கடைகளைப் பார்த்துவிட்டு, விளக்கு ஏற்றும் நேரத்துக்கும் அங்கேயே இருக்கலாம்.

உடை விஷயத்தில் எல்லோரும் கோட்டைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். உண்மையில் குளிர் ஏறுவது காலிலிருந்து. மூன்று மணி நேரம் கல் பாவிய தரையில் நிற்கப் போகிறீர்கள். தடித்த அடிப்பாகமுள்ள ஷூ, கம்பளிக் காலுறை இரண்டும் இருந்தால் பாதிக் கவலை விட்டது. பெரிய முதுகுப்பை வேண்டாம், கூட்டத்தில் ஜேப்படிக்காரர்களும் உண்டு. சில கடைகளில் கார்டு வாங்க மாட்டார்கள் என்பதால் ரொக்கமாக 30, 40 யூரோ வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குச் சில்லறைக் காசு தனியாக.

சரி, கிளம்பலாம். ரயிலில் வந்தால் முதல் சந்தையைத் தேட வேண்டியதே இல்லை. கொலோன் ஹௌப்ட்பான்ஹோஃப் என்கிற தலைமை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே 157 மீட்டர் உயரத்துக்குப் பேராலயம் நிற்கும். 1248-ல் கட்டத் தொடங்கி 1880-ல்தான் முடித்தார்கள். இயேசுவைத் தேடி வந்த மூன்று ஞானிகளின் எலும்புகள் என்று நம்பப்படுபவை உள்ளே ஒரு தங்கப் பேழையில் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் காலத்தில் இதைப் பார்க்காமல் போவது நியாயமில்லை. பேராலயத்தின் தெற்குப் பக்கத்துச் சதுக்கத்தில்தான் முதல் சந்தை. நடுவில் பெரிய கிறிஸ்துமஸ் மரம், அதன் உச்சியிலிருந்து கடைகளின் மேல் பந்தல் போல விரியும் விளக்குச் சரங்கள். படம் எடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. வாங்குவதற்கோ சாப்பிடுவதற்கோ நான் அடுத்த சந்தையைத்தான் சொல்வேன்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் ஆல்டர் மார்க்ட் சதுக்கம், அதை ஒட்டியே ஹொய்மார்க்ட் சதுக்கம். பழைய ஊரின் நடுவில் இரண்டும் ஒரே சந்தை போல நீளும். இங்கே எங்கு பார்த்தாலும் குள்ளர் பொம்மைகள் இருக்கும். அவர்கள்தான் ஹைன்ட்ஸல்மென்ஷன். ஊர் தூங்கும்போது ராத்திரியில் வந்து எல்லார் வேலையையும் முடித்து வைப்பார்களாம். அவர்களைப் பார்த்துவிட ஆசைப்பட்ட ஒரு தையற்காரர் மனைவி படியில் பட்டாணியைக் கொட்டி வைக்க, வழுக்கி விழுந்த கோபத்தில் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அன்றிலிருந்து கொலோன்காரர்கள் தங்கள் வேலையைத் தாங்களே செய்கிறார்கள் என்று கதை. ஹொய்மார்க்டில் பனிச்சறுக்குத் தளமும் உண்டு. அது ஜனவரி தொடக்கம்வரை இருக்கும்.

இப்போது குடிக்க. க்ளூவைன் என்றால் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டுச் சூடாக்கிய சிவப்பு வைன். மது வேண்டாம் என்றால் 'கிண்டர்புன்ஷ்' என்று கேளுங்கள். குழந்தைகளுக்கான சூடான பழச்சாறுதான், பெரியவர்கள் கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். 'மிட் ஷுஸ்' என்று பலகையில் இருந்தால் ரம் மாதிரி ஏதாவது ஊற்றித் தருவார்கள் என்று அர்த்தம்.

காசு கொடுக்கும்போது பலகையில் போட்டதைவிட மூன்று முதல் ஐந்து யூரோ அதிகம் கேட்பார்கள். ஏமாற்றவில்லை, அது 'ஃபாண்ட்', அதாவது பீங்கான் குவளைக்கான முன்பணம். குவளையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் கைக்கு வரும். சில இடங்களில் குவளையோடு ஒரு டோக்கனும் தருவார்கள். அதைத் தொலைத்தால் பணமும் போச்சு. அந்தந்தச் சந்தைக் குவளையை அங்கேயேதான் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு குவளையோடு அடுத்த சந்தைவரை நடந்து போய், வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி நடக்கச் சோம்பல். அந்தக் குவளையில்தான் இப்போது காலையில் காபி குடிக்கிறேன்.

சாப்பாட்டுக்கு ரைபகூகன் வரிசையில் நில்லுங்கள். துருவிய உருளைக்கிழங்கை அடை போலத் தட்டி எண்ணெயில் பொரித்து, ஆப்பிள் மசியலோடு தருவார்கள். பொரித்த கிழங்குக்கு இனிப்பா என்று எனக்கும் முதலில் தோன்றியது. இரண்டாவது துண்டில் பழகிவிடும். மாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும். இறைச்சி சாப்பிடாதவர்கள் 'ஓன ஃப்ளைஷ்' (இறைச்சி இல்லாமல்) என்று சொன்னால் போதாது, 'ஷ்பெக்' இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அது பன்றிக் கொழுப்பிறைச்சி. மெல்லிய ரொட்டியாகிய ஃப்ளாம்கூகனில் வழக்கமாக அதைத் தூவியிருப்பார்கள். பூண்டுச் சாறு ஊற்றிய காளான், சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம், சுட்ட செஸ்ட்நட் எல்லாம் கிடைக்கும். உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். உயரமான மேசைகளைச் சுற்றி நின்றபடிதான் சாப்பிடுவார்கள். காலியிடம் இருந்தால் 'இஸ்ட் ஹியர் நோக் ஃப்ரை?' (இங்கே இடம் இருக்கிறதா?) என்று கேட்டுவிட்டு ஒட்டிக்கொள்ளலாம்.

கால் இன்னும் ஒத்துழைத்தால் ஹொய்மார்க்ட் நிறுத்தத்தில் 1 அல்லது 7-ஆம் எண் ட்ராம் ஏறி அடுத்த நிறுத்தமான நொய்மார்க்டில் இறங்குங்கள். அங்கே தேவதைகளின் சந்தை. மரங்களிலெல்லாம் நட்சத்திர விளக்குகள் தொங்கும். கைவினைப் பொருள் வாங்க நினைத்தால் இங்கே வாங்கலாம். கண்ணாடி உருண்டைகளை நன்றாகச் சுற்றித் தரச் சொல்லுங்கள். ஒன்பது மணி நெருங்கும்போது கடைகளை மூடத் தொடங்கிவிடுவார்கள், கையில் குவளை இருந்தால் அதற்குள் கொடுத்துவிடுங்கள்.