அமர்வு முடிவில் ஏஐ ஏஜென்ட் எழுதும் நினைவுக் குறிப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏஐ ஏஜென்டின் (கோப்புகளைத் திருத்தி, கட்டளைகளைத் தானே ஓட்டும் ஏஐ உதவியாளர்) துணையுடன் நிரல் எழுதுவோரில் பலர், வேலை முடிந்ததும் "இன்று கற்றதை நினைவில் சேமித்துவை" என்று ஒரு வரியைத் தட்டிவிட்டுக் கணினியை மூடிவிடுகிறார்கள். மொழி மாடலுக்கு ஓர் அமர்வைத் தாண்டிய நினைவு இயல்பாகக் கிடையாது. கிளாட் கோட் போன்ற கருவிகளில் அந்த நினைவு மார்க்டவுன் எனும் எளிய உரைக் கோப்பாகவோ, எம்சிபி (ஏஜென்டை வெளிக் கருவிகளோடு இணைக்கும் நெறிமுறை) வழியாக இணைக்கப்பட்ட நினைவு சர்வராகவோ மாடலுக்கு வெளியே இருக்கிறது. அடுத்த அமர்வில் அதைப் படிக்கும் ஏஜென்டுக்கு அந்தக் குறிப்பு எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்பது தெரியாது என்பதால், அதில் உள்ள ஊகத்தையும் உண்மையாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆகவே, தற்செயலாக நடந்ததைக் காரணமாகப் பதிவுசெய்வதே இதில் மிகப் பெரிய தவறு. இன்வாய்ஸ் தேதியைச் சரிபார்க்கும் டெஸ்ட் ஒன்று அதிகாலை 5 மணிக்குத் தோல்வியடைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் கேஷை (வேகத்துக்காகச் சேமித்துவைக்கப்படும் தற்காலிகத் தரவு) அழிக்கிறது, பேக்கேஜ்களை மறுபடி நிறுவுகிறது; 5.35-க்கு மீண்டும் ஓட்டிப் பார்த்தால் டெஸ்ட் தேறிவிடுகிறது. "இன்வாய்ஸ் டெஸ்ட் தோற்றால் கேஷை அழிக்கவும்" என்ற குறிப்பு நினைவுக்குப் போய்விடுகிறது. உண்மையில் நிரலின் ஒரு பகுதி யுடிசி (உலகப் பொது நேரம்) தேதியையும் மற்றொரு பகுதி இந்தியத் தேதியையும் எடுத்துக்கொண்டிருந்தது. இந்திய நேரம் யுடிசியைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது என்பதால், நள்ளிரவு முதல் 5.30 வரை இரண்டு தேதிகளும் ஒத்துப்போவதில்லை. அதன்பின் பிழை தானாகவே மறைந்துவிடுகிறது. அடுத்த முறை யாராவது நள்ளிரவு 1 மணிக்கு அதே டெஸ்டை ஓட்டினால், ஏஜென்ட் குறிப்பை நம்பிக் கேஷை அழித்துக்கொண்டே இருக்குமே தவிர, தேதிக் கணக்கின் பக்கம் திரும்பாது. "5 மணிக்குத் தோற்றது, 5.35-க்குத் தேறியது, இடையில் கேஷ் அழிக்கப்பட்டது, அதுதான் காரணமா என்று சோதிக்கவில்லை" என்று எழுதியிருந்தால் போதும், அந்த இரண்டு நேரங்களே உண்மையான காரணத்துக்கு வழிகாட்டியிருக்கும்.

தன் தவறுகளை ஏஜென்டே சொற்களில் எழுதிவைத்து, அடுத்த முயற்சியில் அவற்றைப் படித்துத் திருந்தும் முறையை 2023-இல் வெளிவந்த ரிஃப்ளெக்‌ஷன் ஆய்வு பரவலாக அறியச்செய்தது. அதில் முயற்சி வென்றதா தோற்றதா என்ற தகவல் கிடைத்த பிறகே ஏஜென்ட் சிந்தனைக் குறிப்பை எழுதியது. நினைவிலும் பெரும்பாலும் 1 முதல் 3 குறிப்புகளே வைக்கப்பட்டன. இந்த இரண்டு கட்டுப்பாடுகளையும் விட்டுவிட்டுச் சேமிக்கும் பழக்கத்தை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம் என்றே தோன்றுகிறது.

அன்றைய வேலையை நாட்குறிப்பாக எழுதுவது அடுத்த தவறு. எந்தக் கோப்பு மாறியது, எந்த ஃபங்ஷன் சேர்க்கப்பட்டது என்பதையெல்லாம் கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) வரலாறு நினைவுக் குறிப்பைவிடத் துல்லியமாகச் சொல்லிவிடும். முயன்று பார்த்துக் கைவிட்ட வழி, பயனர் ஏற்க மறுத்த தீர்வு, அவர் அதற்குச் சொன்ன காரணம் ஆகியவை பெரும்பாலும் கிட்டில் இருப்பதில்லை. நினைவில் இடம்பெற வேண்டியவை அவைதான்.

"எப்போதும்", "ஒருபோதும்" போன்ற சொற்களைக் கண்டால் சற்று நிதானிக்க வேண்டும். ஒரு லைப்ரரியின் குறிப்பிட்ட பதிப்பில் இருந்த கோளாறுக்காக எழுதப்பட்ட தடை, அந்தக் கோளாறு சரிசெய்யப்பட்ட பிறகும் ஏஜென்டைக் கட்டிப்போடும். பதிப்பு எண்ணும் தேதியும் காரணமும் இல்லாத கட்டளையைப் பின்னாளில் நீக்கலாமா என்று யாராலும் முடிவெடுக்க இயலாது.

எல்லாவற்றையும் கடைசி நிமிடத்துக்கு ஒத்திவைப்பதும் கூடாது. நீண்ட அமர்வுகளில் கான்டெக்ஸ்ட் (மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய உரையின் அளவு) நிரம்பியதும் பழைய உரையாடல் சுருக்கப்பட்டுவிடுகிறது. அதன்பின் எழுதப்படும் குறிப்பு, சுருக்கத்தின் சுருக்கமாகவே இருக்கும். முக்கியமான திருத்தம் நேர்ந்த இடத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லிவிடுவது நல்லது.

பழையதைத் தொடாமல் புதியதைச் சேர்த்துக்கொண்டே போனால், முரண்பட்ட இரண்டு குறிப்புகள் ஒரே கோப்பில் அமர்ந்திருக்கும். ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் நினைவுக் கருவியில் கோப்பைப் பார்ப்பதற்கும் வரியை மாற்றுவதற்கும் நீக்குவதற்கும் கட்டளைகள் உள்ளன. ஆனால் "சேமி" என்று மட்டும் சொன்னால் ஏஜென்ட் பெரும்பாலும் சேர்க்கவே செய்யும். "முதலில் இருப்பதைப் படி, முரண்பட்டதைத் திருத்து, பிறகு எழுது" என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

பாதுகாப்பில் இரண்டு தவறுகள் உண்டு. ஏபிஐ கீ (ஒரு சேவையைப் பயன்படுத்த உதவும் ரகசியக் குறியீடு) குறிப்புக்குள் புகுந்து, கோப்போடு கிட்டில் கமிட்டும் (பதிவும்) ஆகிவிட்டால், பிறகு அந்த வரியை அழித்தாலும் கிட் வரலாற்றில் அது இருக்கும். அந்தக் கீயையே ரத்துசெய்து புதியது வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. மற்றொன்று, ஏஜென்ட் படித்த வலைப்பக்கத்தில் ஒளிந்திருக்கும் கட்டளை, கற்ற பாடம் என்ற பெயரில் நினைவில் பதிந்துவிடுவது. சாட்ஜிபிடியின் நினைவில் இப்படிப் பொய்த் தகவலைப் பதிய வைக்க முடியும் என்று 2024-இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் செய்தே காட்டினார். எனவே நினைவுக் கோப்பில் நேரும் மாற்றத்தை, நிரலில் நேரும் மாற்றத்தைப் போலவே, டிஃப் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு) பார்த்த பிறகே ஏற்க வேண்டும். பயனரோ டெஸ்டோ சொல்லாமல் வெளிப்பக்கம் ஒன்றிலிருந்து வந்த வரியாக இருந்தால், அது எவ்வளவு பயனுள்ளதாகத் தெரிந்தாலும் அதைச் சேர்க்காமல் விடுவதே பாதுகாப்பானது.