ஆஸ்பத்திரிக்கு வராதவர்களை எப்படிக் கணக்கெடுப்பது? சிறு மருத்துவமனைகளுக்கு ஒரு செய்முறை

ஓ.பி. சீட்டுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ஏரியாவில் சளி, காய்ச்சல்தான் அதிகம்" என்று முடிவுகட்டும் ஆஸ்பத்திரிகள் நிறைய. அது வந்தவர்களின் கணக்கு மட்டுமே. தேவை பெரும்பாலும் வராதவர்களிடம்தான் இருக்கிறது.

1. எல்லை. உங்களை நம்பியிருக்கும் ஊர்கள், குக்கிராமங்கள் அத்தனையையும் மக்கள்தொகையோடு எழுதிக்கொள்ளுங்கள்.

2. பதிவேடு. மூன்று மாத ஓ.பி. பதிவேட்டில் நோயின் பெயரை விட்டுவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் பாருங்கள். ஊர்வாரியாகச் சீட்டுகளை எண்ணுங்கள். 900 பேர் இருக்கும் ஊரிலிருந்து நாலே பேர் வந்திருந்தால் அங்கே எல்லாரும் நலம் என்று அர்த்தமில்லை. பஸ் இல்லாமல் இருக்கலாம், ஒருநாள் கூலி போய்விடும் என்று தயங்கலாம். நீங்கள் முதலில் போகவேண்டிய ஊர் அதுதான்.

3. நேரில் கேட்பது. கிராம சுகாதார செவிலியரோடு போங்கள். பிறப்பு, இறப்பு, கர்ப்பிணிகள் விவரம் அவரிடம் இருக்கும். பகலில் போனால் வேலைக்குப் போனவர்களைப் பார்க்க முடியாது, சாயங்காலம் போங்கள். "இங்கே என்ன நோய் அதிகம்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "போன வருஷம் இந்தத் தெருவில் யாராவது இறந்தாங்களா? அதுக்கு முன்னால எங்கெல்லாம் கூட்டிட்டுப் போனீங்க?" என்று நிதானமாகக் கேளுங்கள். எந்த இடத்தில் தாமதமானது என்பது அதில் தெரிந்துவிடும். பெண்களிடம் தனியாகப் பேசுவது அவசியம்.

4. வரிசை. எத்தனை பேருக்கு, எவ்வளவு கடுமை, நம்மால் தடுக்க முடியுமா? இந்த மூன்றையும் வைத்து, ஊர்க்காரர்களையும் உட்காரவைத்து, இரண்டு மூன்று பிரச்சினைகளைத் தேர்ந்தெடுங்கள்.

5. செயல். எல்லாவற்றுக்கும் புதுக் கட்டடம் பதிலாகாது. தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். குழந்தை இறப்பைக் குறைக்க, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்கள் ஆக்கினார்கள். பிறகு விவசாயிகளின் வருமானமும் ஆரோக்கியத்தோடு சேர்ந்தது என்று கண்டு, இயற்கை விவசாயத்துக்கும் துணைநின்றார்கள். என்னைக் கேட்டால், கணக்கெடுப்பு சரியாக நடந்ததற்கு அதுவே அடையாளம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே போவதும் இதே வழியில்தான்.

6. மறுபடியும். அமெரிக்காவில் வரிவிலக்கு பெறும் மருத்துவமனைகள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இப்படித் தங்கள் பகுதியின் தேவையைக் கணக்கெடுத்தாக வேண்டும் என்று அங்கே 2010-இல் வந்த சுகாதாரச் சட்டம் சொல்கிறது. நீங்களும் அந்த இடைவெளியையே வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறையும் அதே ஊர்களில் அதே கேள்விகளைக் கேளுங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும்.