மைய அரசை அளவோடு நிறுத்தும் அரசமைப்பை எழுதுவது எப்படி?

மைய அரசின் அதிகாரங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, அதில் இல்லாதவை அனைத்தும் மாநிலங்களுக்கே உரியவை என்று முதலில் எழுதுங்கள். அமெரிக்காவின் பத்தாவது திருத்தம் (1791) இவ்வாறே அமைந்தது, இந்தியாவின் 248ஆம் பிரிவோ எஞ்சிய அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு அளிக்கிறது.

பட்டியலைவிட வரியே முக்கியம். சுவிட்சர்லாந்தில் தனிநபர் வருமானத்தின் மீதான கூட்டரசு வரி 11.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று அரசமைப்பே வரம்பிடுகிறது. அதை வசூலிக்கும் உரிமையும் 2035 இறுதியில் காலாவதியாவதால், நீட்டிக்க வேண்டுமெனில் மக்களிடம் வாக்குக் கேட்டே ஆக வேண்டும். கஜானாவுக்குக் கெடு வைக்காத அதிகாரப் பட்டியல் நாளடைவில் வலுவிழந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

மாநில எல்லைகளை அம்மாநிலத்தின் இசைவின்றி மாற்ற முடியாது என்பதையும் மறவாமல் சேருங்கள். இந்தியாவின் 3ஆம் பிரிவு சட்டமன்றத்தின் கருத்தை மட்டுமே கேட்கிறது, ஒப்புதலைக் கோருவதில்லை.