வராபியில் குடியேறப் போகும் திருகோணமலையாருக்கு

டோக்கியோவுக்கு வடக்கே, சைத்தாமா மாகாணத்தில் உள்ள வராபிதான் ஜப்பானிலேயே பரப்பளவில் மிகச் சிறிய நகரம். மொத்தம் 5.11 சதுர கிலோமீற்றர். அதற்குள் ஏறத்தாழ 75,000 பேர் வசிக்கிறார்கள். முழுவதும் சமதரை என்பதால் ஒரு சைக்கிள் இருந்தால் ஊருக்குள் எல்லா வேலையும் முடிந்துவிடும். பழைய நக்காசெண்டோ பெருவழியின் தங்குமிடமாக இருந்த இந்த ஊர் 1959 இல் நகரமானது. இளையோர் வயதுக்கு வருவதை ஊரே கூடிக் கொண்டாடும் இன்றைய ஜப்பானிய விழாவின் தொடக்கமாக, 1946 இல் இங்கே நடந்த இளைஞர் விழாவைத்தான் சொல்கிறார்கள்.

ஊர் சிறியது என்பதே புதிதாக வருபவர்களுக்குச் சிக்கலாகிறது. வராபி ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தாலே எல்லை தாண்டி கவாகுச்சி நகரத்துக்குள் போய்விடுவீர்கள். பெயர்ப்பலகையைப் பார்க்காவிட்டால் எல்லை எங்கே என்று தெரியாது. நிலையத்துக்கு அருகில் இருக்கும் ஷிபாசோனோ அடுக்குமாடிக் குடியிருப்பும் கவாகுச்சிக்குச் சொந்தம். ஆகவே வீட்டு ஒப்பந்தத்தில் முகவரியை முதலில் பாருங்கள். வராபி என்றால் அஞ்சல் எண் 335-0001 முதல் 335-0005 வரையில் ஒன்றாக இருக்கும்; பகுதியின் பெயர் கித்தாமாச்சி, ட்சுக்காகோஷி, மினாமிச்சோ, சூவோ, நிஷிகிச்சோ என்ற ஐந்தில் ஒன்றாக இருக்கும்.

இது ஏன் முக்கியம்? குடியேறி 14 நாட்களுக்குள், விமான நிலையத்தில் தந்த வதிவிட அட்டையையும் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் முகவரிக்குரிய நகர அலுவலகத்துக்குப் போய்ப் பதிய வேண்டும். கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழும் பிரதேச செயலக வேலையும் ஒரே கவுண்டரில் முடிவதாக நினைத்துக்கொள்ளலாம். வேறு நகரத்தின் அலுவலகத்தில் வரிசையில் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு நாள் வீண். பதிந்ததும் அட்டையின் பின்பக்கத்தில் முகவரியை எழுதித் தருவார்கள். வேலையிடத்தில் காப்புறுதி இல்லாதவர்கள் அன்றே தேசிய மருத்துவக் காப்புறுதியிலும் சேர்ந்துவிடுங்கள். பின்னர் எதிர்த் தெருவுக்கே வீடு மாறினாலும் அது வேறு நகரமாக இருந்தால், பழைய இடத்தில் வெளியேற்றப் பதிவு, புதிய இடத்தில் குடியேற்றப் பதிவு என இரண்டும் செய்ய வேண்டும். குப்பைக்கும் இதே கதைதான்: கவாகுச்சியின் குப்பை நாட்காட்டி வராபிக்குச் செல்லாது. பதியப் போகும் அன்றே நாட்காட்டியையும் கேட்டு வாங்குங்கள். தவறான நாளில் வைத்த பை ஸ்டிக்கர் ஒட்டப்பட்டு அங்கேயே கிடக்கும்.

வீட்டுக்கு முற்பணம், வீட்டுக்காரருக்கான திரும்பாத அன்பளிப்புப் பணம், தரகு, உத்தரவாத நிறுவனக் கட்டணம், தீக் காப்புறுதி எல்லாம் சேர்ந்து நான்கைந்து மாத வாடகை ஆகலாம். யூ.ஆர். என்ற அரசு சார்ந்த நிறுவனத்தின் பொதுக் குடியிருப்புகளில் அன்பளிப்புப் பணமும் தரகும் பிணையாளும் தேவையில்லை, ஆனால் வருமான நிபந்தனை உண்டு. வெளிநாட்டவருக்கு முதலில் அங்கே விசாரிப்பதே நல்லது. எரிவாயுவைத் திறக்க ஊழியர் நேரில் வருவார், நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். அந்த நேரத்தை முன்கூட்டியே பதியாவிட்டால் தை மாதக் குளிரில் சுடுதண்ணீர் இல்லாமல் இரவைக் கழிக்க நேரும்.

வராபியில் நிற்பது வான்நீலக் கோடு போட்ட கெய்ஹின்-தோஹோக்கு ரயில் மட்டும். நிலைய எண் ஜே.கே. 41. தெற்கே மூன்றாவது நிறுத்தமான அக்காபானேவுக்குப் பத்து நிமிடமளவில் போய்விடலாம். ஷின்ஜுகு, இக்கெபுக்குரோ போகிறவர்கள் அங்கே சைக்யோ பாதைக்கு மாற வேண்டும். ஊயெனோவில் தக்காசாக்கி, உட்சுனோமியா பாதை ரயில்களில் தவறி ஏறினால் அவை வராபியில் நிற்காமல் உராவா வரை கொண்டுபோய்விடும். அங்கே இறங்கித் தெற்கே இரண்டு நிறுத்தம் திரும்பி வரலாம். பகல் வேளையில் கெய்ஹின்-தோஹோக்கு விரைவு ரயில்கள் நிப்போரியில் நிற்பதில்லை. நரித்தா விமான நிலையத்திலிருந்து நிப்போரியில் வந்து இறங்குகிறவர்கள் யமானோத்தே ரயிலில் தபாத்தா வரை போய், அங்கே மாறிக்கொள்ளலாம்.

கடைசியாக உங்கள் பெயர். வதிவிட அட்டையில் கடவுச்சீட்டில் உள்ளபடி தகப்பன் பெயரும் சேர்த்து நீளமாக வரும். வங்கிக்கோ அதைக் கத்தகானா என்ற, வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தில் தர வேண்டும். சிவசுப்பிரமணியம் என்பதில் வரும் 'வ'வை அந்த எழுத்தில் 'வா' (wa) என்றும் எழுதலாம், 'பா' (ba) என்றும் எழுதலாம். வங்கியில் ஒரு விதமாகவும் வேலையிடத்தில் இன்னொரு விதமாகவும் எழுதியிருந்தால் சம்பளம் கணக்கில் சேராமல் திரும்பிவிடும். ஆகவே புறப்படுவதற்கு முன்பே ஜப்பானிய மொழி ஆசிரியரிடம் கேட்டு ஒரே வடிவத்தைத் தீர்மானியுங்கள். அதைத் தாளில் பெரிதாக எழுதிக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொண்டு, எந்தப் படிவத்திலும் அதைப் பார்த்தே எழுதுங்கள்.